வேலைநிறுத்தத்துக்கு முந்திய நான்கு ஆண்டுகள்

"பள்ளிச் சீர்திருத்தம் என்று சொல்லிப் பள்ளிகளை மூடுகிறார்கள். மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரை எடைபோடுகிறார்கள். பொதுப் பள்ளிகளைத் தனியார் கையில் கொடுக்கிறார்கள். ஆட்சியும் பணமும் அந்தப் பக்கம் இருக்கும்போது ஆசிரியர்களும் அவர்களுக்காகப் பேசுகிறவர்களும் எப்படித் திரள முடியும்?" என்பது கேள்வி.

ஒற்றுமை, விழிப்புணர்வு, மக்கள் ஆதரவு என்று பொதுப்படையாகப் பதில் சொல்லிவிடலாம். அதை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் எவரும் எதையும் செய்ய முடியாது. அதனால் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். 2012 செப்டம்பரில் அமெரிக்காவின் சிகாகோ நகர ஆசிரியர்கள் ஏழு பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பலர் அந்த ஏழு நாட்களை மட்டுமே பேசுகிறார்கள். அதற்கு முந்திய நான்கு ஆண்டுகளில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் அங்கே சீர்திருத்தம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று பார்க்க வேண்டும். 1995இல் இல்லினாய் மாநிலச் சட்டமன்றம் சிகாகோவின் பள்ளிகள் அனைத்தையும் மேயரின் பொறுப்பில் விட்டது. பள்ளி வாரிய உறுப்பினர்களை மேயரே நியமிப்பார். மக்கள் வாக்களிக்க இடமில்லை. அதோடு தொழிலுறவுச் சட்டத்தில் 4.5 என்றொரு பிரிவையும் சேர்த்தார்கள். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருக்கலாம் என்பது போன்ற விஷயங்களை நிர்வாகம் விரும்பினால் ஒழிய, ஆசிரியர் சங்கம் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுவர முடியாது. அவற்றுக்காக வேலைநிறுத்தமும் செய்ய முடியாது. இல்லினாய் மாநிலப் பள்ளி ஆசிரியர்களில் சிகாகோக்காரர்களுக்கு மட்டும் தனியாக மாட்டிய பூட்டு அது.

2004இல் மேயர் ரிச்சர்ட் டேலி 'மறுமலர்ச்சி 2010' என்ற திட்டத்தை அறிவித்தார். 2010க்குள் 100 புதிய பள்ளிகள் திறப்பது அதன் வாக்குறுதி. மதிப்பெண் குறைந்த பழைய பள்ளிகளை மூடுவது அதன் மறுபக்கம். புதியவற்றில் நிறைய சார்ட்டர் பள்ளிகள். அதாவது அரசுப் பணத்தில் தனியார் அமைப்புகள் நடத்துகிற, பெரும்பாலும் ஆசிரியர் சங்கம் இல்லாத பள்ளிகள். சில பள்ளிகளை மூடாமல், தலைமையாசிரியர் முதல் உணவுக்கூடத்தில் பரிமாறுகிறவர்கள் வரை எல்லோரையும் ஒரே நாளில் வெளியேற்றிவிட்டுப் புது ஆட்களை வைத்தார்கள். இந்த அடி பெரும்பாலும் நகரின் தெற்கிலும் மேற்கிலும், கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில்தான் விழுந்தது. 2000இல் நகரப் பள்ளி ஆசிரியர்களில் சுமார் 40 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். பத்து ஆண்டுகளில் அது சுமார் 30 சதவீதமாகக் குறைந்தது.

இது ஒரு நகரத்தோடு நிற்கவில்லை. 2002 ஜனவரியில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம், 3 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைக்கச் சொன்னது. 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்றது. எந்த நாட்டிலும் நடக்காத ஒன்றை இலக்காக வைத்தால், எந்தப் பள்ளியையும் தோற்ற பள்ளி என்று சொல்லிவிட முடியும். சிகாகோ பள்ளிகளின் தலைமை நிர்வாகியாக இருந்த ஆர்னி டங்கன் 2009இல் நாட்டின் கல்வித் துறைச் செயலாளர் ஆனார். மாநிலங்கள் போட்டியிட்டு வெல்ல வேண்டிய 435 கோடி டாலர் நிதியை அறிவித்து, மதிப்பெண்ணை ஆசிரியர் மதிப்பீட்டோடு இணைப்பவர்களுக்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கு வழிவிடுபவர்களுக்கும் அதில் முன்னுரிமை கொடுத்தார்.

இந்தச் சூழலில்தான் 2008இல் சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு படிப்பு வட்டத்தைத் தொடங்கினார்கள். பின்னாளில் கோர் என்ற பெயரில் சங்கத்துக்குள் ஓர் அணியாக வளர்ந்தது அதுதான். ஜாக்சன் பாட்டர், ஜெஸ்ஸி ஷார்க்கி, கிங் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்த கேரன் லூயிஸ் ஆகியோர் அதில் இருந்தார்கள். அவர்கள் நடத்திய படிப்பு வெறும் கொள்கைப் படிப்பு அல்ல. எந்தப் பள்ளி மூடப்படுகிறது, அந்தக் கட்டடத்துக்கு யார் வருகிறார்கள், அந்த வட்டாரத்து வீட்டு மனைகளின் விலை என்ன ஆகிறது என்று ஆவணம் ஆவணமாகப் பார்த்தார்கள்.

அதைவிட முக்கியமான இன்னொன்றையும் செய்தார்கள். பள்ளி மூடலுக்கான விசாரணைக் கூட்டங்களுக்குப் போனார்கள், அது தங்கள் பள்ளியாக இல்லாவிட்டாலும். வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்காகக் காத்திருந்து பேசினார்கள். அங்கே வந்து அழுகிற, சண்டை போடுகிற தாய்மார்களையும் பாட்டிமார்களையும் வட்டார அமைப்புக்காரர்களையும் அறிந்துகொண்டது அப்படித்தான். சங்கத்தின் அன்றைய தலைமை இதில் பெரிதாக இறங்கவில்லை. 2009 ஜனவரியில் கொட்டுகிற பனிப்புயலில் ஒரு சனிக்கிழமை, மால்கம் எக்ஸ் கல்லூரியில் கூட்டம் வைத்தார்கள். சுமார் 500 பேர் வந்தார்கள். அடுத்த மாதம் மூடல் பட்டியலிலிருந்து ஆறு பள்ளிகளை வாரியம் எடுத்துவிட்டது. சங்கத்தில் எந்தப் பதவியும் இல்லாத ஒரு சிறு கூட்டம், பெற்றோரோடு சேர்ந்து நின்று பெற்ற முதல் பலன் அது.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இங்கே ஆசிரியர் சங்கத்தின் ஒன்றியக் கிளைச் செயலாளராக இருந்த காலத்தில் பதினோரு அம்சக் கோரிக்கையோடு ஓர் ஆர்ப்பாட்டம் அறிவித்தோம். துண்டறிக்கை அச்சடித்து, பள்ளி வாசலில் பெற்றோரிடமும் கொடுத்தோம். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பெண்ணின் தாய் சந்தையில் கீரைக் கடை போட்டிருந்தவர். அவருக்குப் படிக்கத் தெரியாது. மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். கூடையை இறக்கி வைத்துவிட்டு, அந்தப் பெண் ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். ஊக்க ஊதியம், தேர்வுநிலை, முரண்பாடு களைதல், நிலுவைத் தொகை. பதினொன்றும் முடிந்தது. "இவளுக்கு ஒரு வருடமாகக் கணக்கு வாத்தியார் இல்லை. அது இதில் எங்கே இருக்கிறது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டார். அந்தக் காலியிடம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். கணக்குப் பாடவேளையில் நாங்களே மாறி மாறிப் போய் உட்கார்ந்திருக்கிறோம். கோரிக்கையாக எழுத மட்டும் தோன்றவில்லை. நாங்கள் கேட்ட பதினொன்றும் நியாயமானவை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவர் ஏன் எங்களோடு வந்து வெயிலில் நிற்க வேண்டும்?

சிகாகோ ஆசிரியர்கள் இந்தக் கேள்விக்கு வேலைநிறுத்தத்துக்கு முன்பே பதில் எழுதி வைத்திருந்தார்கள். 2010 ஜூனில் கோர் அணி சங்கத் தேர்தலில் வென்று கேரன் லூயிஸ் தலைவரானார். பொறுப்பாளர்களின் சம்பளத்தைக் குறைத்து, மிஞ்சிய பணத்தில் உறுப்பினர்களைத் திரட்டுவதற்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கினார்கள். கோடை விடுமுறையில் வகுப்பறை ஆசிரியர்களையே அழைத்து அந்த வேலையைப் பழக்கினார்கள். ஆய்வுப் பிரிவு ஒன்றையும் வைத்தார்கள். அது 2012 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கைக்குத் தலைப்பு, சிகாகோ மாணவர்களுக்கு எத்தகைய பள்ளிகள் உரியவை என்பது. சிறிய வகுப்புகள், நூலகம், இசையும் ஓவியமும், சமூகப் பணியாளர், செவிலியர், அதற்கான பணத்தை எங்கிருந்து எடுப்பது என்பது வரை அதில் இருந்தது.

'சீர்திருத்தத்தை எதிர்க்கிறோம்' என்று மட்டும் சொல்கிறவர்களிடம் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, இப்போது இருக்கிற பள்ளி நன்றாக இருக்கிறதா என்பது. பெரும்பாலும் நன்றாக இல்லை. அதை ஒப்புக்கொள்ளாத ஆசிரியர் இயக்கத்தை யாரும் நம்ப மாட்டார்கள். பள்ளியில் குறை இருக்கிறது, அது எங்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும், அதைச் சரிசெய்ய எங்களிடம் இதோ திட்டம் இருக்கிறது என்று சொன்னால்தான், மூடுவதும் விற்பதும் சீர்திருத்தம் ஆகாது என்று பேசும் தகுதி வருகிறது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு பள்ளி நேரத்தைக் கூட்டும் பிரச்சினை. 2011 மே மாதம் பதவியேற்ற மேயர் ராம் இமானுவேல், ஒப்பந்தப்படி வர வேண்டிய 4 சதவீத ஊதிய உயர்வை நிறுத்தி, பள்ளி நேரத்தைப் பெரிதாகக் கூட்டப் போவதாக அறிவித்தார். கேட்கிறவர்களுக்கு இனிக்கிற யோசனை. பிள்ளைகள் கூடுதல் நேரம் படித்தால் என்ன கெட்டுவிடும்? சங்கம் 'முடியாது' என்று சொல்லியிருந்தால் அன்றே தோற்றிருக்கும். நீண்ட நேரம் எதற்கு, அந்த நேரத்தில் என்ன நடக்கும், தேர்வுப் பயிற்சியா அல்லது இசையும் விளையாட்டுமா என்று கேட்டது. 2012 ஜூலையில் ஓர் இடைக்கால உடன்பாடு வந்தது. பிள்ளைகளின் நேரம் கூடியது. ஆசிரியர்களின் வேலைநேரம் ஏறத்தாழ அப்படியே இருந்தது. இடைவெளியை நிரப்ப, முன்பு வேலையிழந்த ஆசிரியர்களிலிருந்து 477 பேரை எடுக்க வாரியம் ஒப்புக்கொண்டது. எதிராளியின் கோரிக்கையையே பிடித்து, அதற்குள் தன் கோரிக்கையை வைத்துத் திருப்பிக் கொடுத்த விதம் அது.

இனி 75 சதவீதத்தின் கதை. 2011 ஜூனில் இல்லினாயில் ஒரு சட்டம் கையெழுத்தானது. சிகாகோவில் மட்டும், சங்க உறுப்பினர்களில் 75 சதவீதம் பேர் ஆதரித்து வாக்களித்தால்தான் வேலைநிறுத்தம் செய்யலாம். வாக்களித்தவர்களில் 75 சதவீதம் அல்ல, மொத்த உறுப்பினர்களில். வீட்டில் இருந்துவிட்டவர், உடல்நலம் இல்லாதவர், மறந்துவிட்டவர் எல்லோரும் எதிர்த்து வாக்களித்ததாகவே கணக்கு. அந்தச் சட்டத்துக்காக உழைத்த ஓர் அமைப்பின் தலைவர், ஆஸ்பென் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில், சிகாகோ சங்கத்தால் இந்த எண்ணிக்கையை எட்டவே முடியாது என்று பெருமையாக விளக்கினார். அந்தக் காணொளி வெளியே வந்துவிட்டது. அவர் மன்னிப்புக் கேட்டார். சங்கம் அதை எடுத்து உறுப்பினர்களுக்குப் போட்டுக் காட்டியது.

முடியாது என்று கட்டிய மதிலை எப்படித் தாண்டினார்கள்? எண்ணித் தாண்டினார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு செயற்குழு. சுமார் பத்து உறுப்பினர்களுக்கு ஒருவர் பொறுப்பு. அவர் அந்தப் பத்துப் பேரோடு நேரில் உட்கார்ந்து பேச வேண்டும். முதலில் சின்னச் சின்ன வேலைகள். வெள்ளிக்கிழமை எல்லோரும் சிவப்புச் சட்டை போட்டு வர வேண்டும். எத்தனை பேர் போட்டார்கள், யார் போடவில்லை, ஏன் என்று பார்த்தார்கள். பிறகு ஒத்திகை வாக்கெடுப்பு. எந்தப் பள்ளியில் குறைகிறதோ அங்கே ஆட்களை அனுப்பினார்கள். 2012 மே 23 அன்று நகரின் நடுவே ஆடிட்டோரியம் அரங்கம் நிரம்பி வழிய, ஆயிரக்கணக்கானோர் சிவப்பில் ஊர்வலமாகப் போனார்கள்.

நம் ஊரிலும் சரி, வேறெங்கும் சரி, பெரும்பாலான சங்கங்கள் கூட்டத்தில் கைதட்டல் எவ்வளவு பலமாக இருந்தது என்று பார்த்து முடிவெடுக்கின்றன. கைதட்டுகிறவர்கள் எப்போதும் வருகிறவர்கள்தான். வராதவர்களின் பட்டியலைக் கையில் வைத்திருப்பதுதான் அமைப்பு வேலை. அலுப்பூட்டுகிற வேலை அது. படம் எடுத்துப் போட எதுவும் இருக்காது. நான் பார்த்த வரையில் அதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் மேடையில் பேசாதவர்கள்.

வாக்கெடுப்பை ஜூன் 6 முதல் சில நாட்கள் நடத்தினார்கள். கோடை விடுமுறைக்குப் பிறகு வைத்தால் ஆட்கள் கலைந்துவிடுவார்கள், புதியவர்களைப் பேசிச் சேர்க்க நேரம் இருக்காது என்பதால், பள்ளிகள் திறந்திருக்கும்போதே முடித்தார்கள். மொத்தம் 26,502 உறுப்பினர்கள். ஆதரவாக 23,780 வாக்குகள், எதிராக 482. உறுப்பினர்களில் கிட்டத்தட்ட 90 சதவீதம். தடுப்பதற்காகப் போட்ட சட்டமே, ஒருவரையும் விடாமல் போய்ப் பேச வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கி, சங்கத்தைப் பலப்படுத்திவிட்டது.

செப்டம்பர் 10 அன்று 25 ஆண்டுகளில் முதல் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஊதியமும் மதிப்பீட்டு முறையும்தான் சட்டப்படி காரணமாக இருக்க முடியும். ஆனால் வாசலில் நின்ற ஒவ்வொரு ஆசிரியரும் நூலகத்தையும் வகுப்பு நெரிசலையும் கோடை வெப்பத்தில் வேகிற அறைகளையும் பற்றியே பேசினார். குளிர்சாதன வசதிக்காக யாராவது வேலைநிறுத்தம் செய்வார்களா என்று மேயர் கேட்டது, அந்த அறைகளில் உட்காருவது பிள்ளைகளும்தான் என்பதை அறிந்த பெற்றோரிடம் எடுபடவில்லை. அந்த வாரம் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில், நகரப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் வேலைநிறுத்தத்தை ஆதரித்தார்கள். பனியில் நடந்த கூட்டங்களின் பலன் இது. ஏழு நாட்களில் சம்பாதித்த ஆதரவு அல்ல.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் செப்டம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. உடன்பாட்டின் வரைவு தயாராகிவிட்டது. மறுநாள் பள்ளி திறக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் வந்த சுமார் 800 பிரதிநிதிகள் கூடினார்கள். 'இதை நாங்கள் இன்னும் படிக்கவில்லை. எங்கள் பள்ளி ஆசிரியர்களும் படிக்கவில்லை' என்று சொல்லி, முடிவைத் தள்ளிவைத்தார்கள். தலைமை அவர்களை மீறவில்லை. மேயருக்குக் கோபம். வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று மறுநாள் நீதிமன்றம் போனார். நீதிபதி உடனே விசாரிக்கவில்லை. திங்கட்கிழமை பள்ளி வாசல்களில், நடைபாதையில், புல்தரையில், ஆசிரியர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பந்தத்தைப் பக்கம் பக்கமாக வாசித்தார்கள். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேள்வி கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை பிரதிநிதிகள் மீண்டும் கூடி வேலைநிறுத்தத்தை முடித்தார்கள். நள்ளிரவில் கதவடைத்துப் பேசிவிட்டு, விடிந்ததும் 'வெற்றி, பணிக்குத் திரும்புங்கள்' என்று அறிக்கை வருகிற சங்கங்களில் இருந்தவர்களுக்கு அந்த இரண்டு நாட்களின் மதிப்பு புரியும்.

கிடைத்தது என்ன? மதிப்பெண்ணை வைத்து ஊதியம் நிர்ணயிக்கும் திட்டம் வரவில்லை. ஆசிரியர் மதிப்பீட்டில் மாணவர் வளர்ச்சியின் பங்கு, மாநிலச் சட்டம் கட்டாயப்படுத்திய அளவைத் தாண்டாமல் நின்றது. பாடநூல்கள் பள்ளி திறக்கும் முதல் நாளே வர வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் ஏறியது. நான் அமர்ந்த பேச்சுவார்த்தை எதிலும் இப்படி ஒரு வரியை நாங்கள் கேட்டதில்லை.

ஆனால் இதை முழு வெற்றிக் கதையாகச் சொன்னால் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். எட்டு மாதங்கள் கழித்து, 2013 மே 22 அன்று, மேயர் நியமித்த வாரியம் ஏறத்தாழ 50 பள்ளிகளை ஒரே கூட்டத்தில் மூடியது. அமெரிக்க வரலாற்றில் ஒரே தடவையில் இத்தனை பள்ளிகளை மூடியது அதற்கு முன் இல்லை. பாதிக்கப்பட்ட சுமார் 12,000 பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர் கறுப்பினக் குழந்தைகள். ஊர்வலங்கள் நடந்தன, வழக்குகள் போட்டார்கள், விசாரணைக் கூட்டங்களில் பெற்றோர் கதறினார்கள். வாரியம் அசையவில்லை. வேலைநிறுத்தத்தால் ஒப்பந்தத்தை மாற்ற முடிந்தது. நாற்காலியில் இருப்பவரை மாற்ற முடியவில்லை. மூடலுக்கு அடுத்த மாதமே அதே வாரியம் 2 கோடியே 5 லட்சம் டாலருக்குப் போட்டி ஒப்பந்தப்புள்ளி கோராமல் ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு வேலை கொடுத்ததை ஒரு பத்திரிகையாளர் ஆவணங்களிலிருந்து வெளிக்கொண்டுவந்தார். பள்ளிகளின் அன்றைய தலைமை நிர்வாகி பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். மூடிய பள்ளிகள் திரும்பவில்லை. அந்தப் பிள்ளைகளின் படிப்புக்கு மூடலால் நன்மை வரவில்லை, மதிப்பெண்கள் சரிந்தன என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் எழுதினார்கள்.

இந்தத் தோல்விக்குப் பிறகு அவர்கள் செய்தவை இரண்டு. ஒன்று, வட்டார மக்கள் தாங்களே முன்னால் நின்றார்கள். டயட் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டதை எதிர்த்து 2015இல் பெற்றோரும் வட்டாரச் செயற்பாட்டாளர்களுமாகப் பன்னிரண்டு பேர் 34 நாட்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். பள்ளி மறு ஆண்டு மீண்டும் திறந்தது. இரண்டு, சட்டத்தையே குறிவைத்தார்கள். 1995இல் மாட்டிய அந்த 4.5 பிரிவு 2021 ஏப்ரலில் நீங்கியது. அதே ஆண்டு ஜூலையில், பள்ளி வாரியத்துக்குத் தேர்தல் நடத்தும் சட்டம் கையெழுத்தானது. 2024 நவம்பரில் சிகாகோ மக்கள் முதன்முறையாக வாரிய உறுப்பினர்களுக்கு வாக்களித்தார்கள். ஆசிரியராக இருந்து சங்கத்தின் அமைப்பாளராக வந்த பிரண்டன் ஜான்சன் 2023இல் மேயரானார். கேரன் லூயிஸ் இதையெல்லாம் பார்க்கவில்லை. 2014இல் மூளைக் கட்டி என்று தெரிந்தது. 2021 பிப்ரவரியில் இறந்தார். பூட்டை மாட்டியதிலிருந்து திறக்கும் வரை 26 ஆண்டுகள். இந்தக் கணக்கை இளம் ஆசிரியர்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அடுத்த மாதம் வெற்றி என்று சொல்லி அழைத்தவர்கள் அதற்கடுத்த மாதம் வர மாட்டார்கள்.

வேலைநிறுத்த உரிமை இல்லாதவர்கள், சங்கமே இல்லாதவர்கள் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். சியாட்டிலில் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் 2013 ஜனவரியில் ஒரு குறிப்பிட்ட தேர்வை மட்டும் நடத்த மாட்டோம் என்றார்கள். எல்லாத் தேர்வையும் அல்ல. பாடத்திட்டத்தோடு பொருந்தாத, கணினி அறையையும் நூலகத்தையும் நாள்கணக்கில் அடைத்துக்கொண்ட அந்த ஒரு தேர்வை. சம்பளமின்றிப் பத்து நாள் இடைநீக்கம் என்ற மிரட்டல் வந்தது. பெற்றோர் சங்கமும் மாணவர் மன்றமும் அவர்கள் பக்கம் நின்றதால் ஒருவர் மீதும் கை வைக்க முடியவில்லை. மே மாதம் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அந்தத் தேர்வு கட்டாயமில்லை என்று நிர்வாகம் அறிவித்தது. இலக்கு எவ்வளவு சிறியதாகவும் கூர்மையாகவும் இருக்கிறதோ, அவ்வளவு சுலபமாகப் பக்கத்தில் இருப்பவருக்குப் புரிய வைக்கலாம்.

மாசசூசெட்ஸில் 2016இல் சார்ட்டர் பள்ளிகளின் எண்ணிக்கை வரம்பைத் தளர்த்த மக்கள் வாக்கெடுப்பு வந்தது. தளர்த்த வேண்டும் என்ற தரப்புதான் அதிகம் செலவழித்தது. ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய், உங்கள் ஊர்ப் பள்ளியிலிருந்து எவ்வளவு பணம் வெளியே போகும் என்பதை மட்டும் பேசினார்கள். 62க்கு 38 என்று அந்த முயற்சி தோற்றது. மேற்கு வர்ஜீனியாவிலோ வெற்றியின் ஆயுள் குறைவு. 2019 பிப்ரவரியில் ஆசிரியர்கள் ஒரே நாளில் சார்ட்டர் மசோதாவை வீழ்த்தினார்கள். பள்ளி விடுமுறையில் ஆட்கள் கலைந்திருந்த ஜூன் மாதம், சிறப்புக் கூட்டத்தொடரில் அது வேறு வடிவில் நிறைவேறிவிட்டது. விடுமுறைக் காலத்துக்கும் ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு நான் கிளைக் கூட்டங்களில் தவறாமல் சொல்லி வருகிறேன்.

நீங்கள் எங்கே தொடங்குவது? அறிக்கையில் தொடங்காதீர்கள். உங்கள் பள்ளியில் வேலை செய்கிற எல்லோருடைய பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். சமையல் செய்கிறவர், துப்புரவு செய்கிறவர், அலுவலக உதவியாளர் உட்பட. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இந்தப் பள்ளியில் அவரை மிகவும் வருத்துகிற விஷயம் எது என்று அவர் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். பிறகு அதே தாளின் பின்பக்கத்தில் இருபது பெற்றோரின் பெயர். அவர்களிடமும் அதே கேள்வி. இரண்டு பக்கத்திலும் வருகிற விஷயம் ஒன்றாவது இருக்கும். அதுதான் உங்கள் முதல் கோரிக்கை. அதை வைத்து, எல்லோராலும் பயமின்றிச் செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்தைக் கேளுங்கள்; ஒரு கையெழுத்து, ஒரே நிறச் சட்டை, அலுவலரைப் பார்க்கப் போகும்போது உடன் வருவது. செய்யாதவர்களின் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வையுங்கள். அடுத்த வாரம் முதலில் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான். முதல் முறை தனியாகப் போகாதீர்கள். அவர் மதிக்கிற ஒரு சக ஆசிரியரை அழைத்துக்கொண்டு போங்கள், பேசுவதை அவரிடம் விட்டுவிடுங்கள்.